ரெசனேட்டர் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன். என் ரெசனேட்டர் கிட்டாரை (உள்ளே இருக்கும் உலோகக் கூம்பு ஒலியைப் பெருக்கும் வகை) ஓப்பன் ஜி சுருதியில், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு வரும்படி வைத்து, கம்பிமேல் குழாயை நகர்த்தும் ஸ்லைடு முறையில் வாசிக்கிறேன். இப்போது இருப்பது 12-53 பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கலக் கம்பி; எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). இந்தச் சுருதிக்கு மூன்று கம்பிகளை இறக்க வேண்டியிருப்பதால் தொளதொளத்துப் போய், ஸ்லைடு ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டில்) இடித்து 'டக்'கென்கிறது. 13-56 போதுமா? 16-59 போட்டால் கழுத்து தாங்குமா? சதுரக் கழுத்து அளவுக்கு இழுவிசை தாங்காத வட்டக் கழுத்து (பின்பக்கம் உருண்டது) என்பதால் பயமாக இருக்கிறது.

அப்புறம் இந்த மழை. தினமும் பழைய வேட்டித் துணியால் கம்பிகளின் அடிப்பக்கமும் துடைக்கிறேன், ஆனாலும் இரண்டே வாரத்தில் சுற்றுக்கம்பி கறுத்து, விரலில் பச்சைக் கறை ஒட்டுகிறது. பூச்சுள்ள கம்பி போட்டால் அந்தத் தகரக் கணீர் மங்குமா?

ஒருமுறை ஆறு கம்பிகளையும் சேர்த்துக் கழற்றியதில் உள்ளே அலுமினியக் கூம்பு நகர்ந்து ஒரே இரைச்சல். இப்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.