பாதியில் நிற்கும் கதையை 2024 விதிக்கு மாத்தலாமா?

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில ஞாயிறு பின்னேரங்களில ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருத்தர் கதை சொல்ல, மற்றவை பாத்திரங்களா ஆடுற தாயக்கட்டை விளையாட்டு) நடத்துறன். இரண்டு வருசமா ஒரே கதைதான்: பௌர்ணமி இரவில வாவிக்குள்ள பாடுற மீன்கள் திடீரெண்டு பாட்டை நிறுத்திட்டுது, ஏனெண்டு தேடிப் போற பயணம். பாத்திரங்கள் எல்லாம் இப்ப 6ஆம் லெவல்.

இவ்வளவு நாளும் 2014இல வந்த விதியிலதான் ஆடினம். இப்ப பொடியள் 2024 விதிக்கு மாறுவம் எண்டு நிக்கிறாங்க. அந்தப் புது விதிகளோட 2025இல இலவசமா வந்த 5.2 விதித்தொகுப்பை இறக்கி வாசிச்சன். களைப்பு விதி எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. களைப்பின்ர ஒவ்வொரு படிக்கும் 20 முகத் தாயக்கட்டை எறிதலில 2 குறையும், வேகத்தில 5 அடி குறையும்; ஆறாம் படியில பாத்திரம் செத்துப்போகும். காயம் ஆத்துற மந்திரமும் பலமாயிட்டுது.

சிக்கல் எங்கட பலடின் (புனித வீரன் பாத்திரம்) ஆடுறவர். ஏறாவூரில இருந்து பஸ் பிடிச்சு வாற தம்பி அவர். பழைய விதியில தன்ர ஒரே முறைக்குள்ள (டேர்ன்) அடிக்கிற இரண்டு அடிக்கும் ஸ்மைட் (அடியோட சேருற தெய்வீகத் தாக்கு) போடுவார், மேசையே எழும்பி நிக்கும். புதுசில அது போனஸ் அக்சனில (முறைக்கு ஒண்டு மட்டும் செய்யக்கூடிய கூடுதல் செயல்) போடுற மந்திரம், முறைக்கு ஒண்டுதான். கதை நடுவில அதைப் பறிக்க எனக்கு மனம் வரேல்ல.

அரக்கர்களும் மாறிட்டுது. முந்தி ஓநாய் கடிச்சா விழாமல் தப்ப ஒரு தாயக்கட்டை எறிதல் இருந்தது. இப்ப நேரா விழுறதுதான்.

நடுவில மாறின ஆக்கள் இருக்கிறீங்களா? எல்லாரையும் ஒரே நாளில மாத்தினீங்களா, இல்லாட்டி பழைய பாத்திரங்களைப் புது விதியோட கலந்து விட்டீங்களா? வாற ஞாயிறுக்கு முதல் சொன்னால் பெரிய உதவி.