அஸ்னி சந்தையில் ஆப்பிள் வாங்கிய கதை

மொராக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் மராக்கேஷ் கடைவீதியோடு திரும்பிவிடுகிறார்கள். நான் அங்கிருந்து தெற்கே, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அஸ்னிக்குப் போனேன். அட்லஸ் மலையடிவாரத்துச் சின்ன ஊர். சனிக்கிழமைதோறும் சந்தை. இது 2022 அக்டோபரில். அடுத்த வருடம் செப்டம்பர் 8 அன்று வந்த நிலநடுக்கம் அந்த மலைப்பகுதியையே உலுக்கிவிட்டது.

மலைக்கிராமங்களிலிருந்து சரக்கு சுமந்து வந்த கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சந்தை ஓரத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. உள்ளே நுழைந்தால் ஜெலாபா அங்கி போட்ட ஆண்கள் கூட்டம்தான். வாதுமைக் கொட்டை மூட்டைகள், தேநீருக்கான புதினாக் கட்டுகள், காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்புகள். ஒரு கூம்பு இரண்டு கிலோ! யார் வீட்டுக்காவது போனால் அதைத்தான் கையில் கொண்டு போவார்களாம்.

ஆப்பிள் குவித்து வைத்திருந்த பெரியவரிடம் கிலோ என்ன விலை என்று கேட்டேன். "மியா ஓ அஷ்ரீன்" என்றார். அரபு எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததால் புரிந்துவிட்டது: நூற்றி இருபது. ஒரு கிலோ ஆப்பிளுக்கு 120 திர்ஹமா? ஆளைப் பார்த்து விலை சொல்கிறார் என்று எனக்குக் கோபம். "கம்ஸீன்", ஐம்பது என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இழுபறிக்குப் பிறகு எண்பதில் முடிந்தது. அதுவும் கொள்ளைதான், ஆனால் பேரம் பேசிவிட்டு எப்படி வாங்காமல் நகர்வது? நூறு திர்ஹம் நோட்டை நீட்டினேன்.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து என் கையில் எண்ணி வைத்தார். 96 திர்ஹம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். பெரியவர் சொன்னது ரியால். 1960-இல் திர்ஹம் வந்த பிறகும் நாட்டுப்புறத்தில் பழைய ரியால் கணக்கு போகவில்லை. ரியால் என்று கையில் பிடிக்க ஒரு காசு கிடையாது, வாயில் மட்டும் இருக்கிறது. இருபது ரியால் ஒரு திர்ஹம். அதாவது ஆறு திர்ஹம் ஆப்பிளை நான் இரண்டரைக்குக் கேட்டிருக்கிறேன்!

வெட்கமாகப் போய்விட்டது. மிச்சம் இரண்டு திர்ஹத்தைக் கொடுத்தேன். பேசியது நாலு, நாலு போதும் என்று தள்ளிவிட்டார். அந்த மலைமக்களின் அமாசிக் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "தன்மிர்த்", நன்றி. அதைச் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. (அந்த மக்களுக்குப் பெர்பர் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை அமாசிக் என்றுதான் சொல்கிறார்கள்.)

அப்புறம் மராக்கேஷ் திரும்ப ஷேர் டாக்ஸி. டிரைவர் இருபத்தைந்து என்றார். நான் உஷாராக, "ரியாலா?" என்று கேட்டேன். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஊர் தாண்டும் வரை சிரித்தார்கள்.