முழங்காலைத் தொடும் முடி, பின்னல் நுனியோ எலிவால்: அடர்த்தியை எப்படிக் காப்பது?

மாங்குளத்தாள் எழுதியது:

வணக்கம். மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது முப்பது, முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். நெற்றியில் இருந்து நுனிவரை தையல் நாடாவால் அளந்தால் என் முடி 120 சென்ரிமீற்றர். நின்றால் முழங்காலைத் தொடும். நீளத்தில் குறையில்லை, அடர்த்திதான் போய்க்கொண்டிருக்கிறது. பிடரியில் சேர்த்துப் பிடித்தால் சுற்றளவு 9 சென்ரிமீற்றர், இடுப்பில் 6, நுனிக்கு ஒரு சாண் மேலே 2½. பின்னினால் மேலே வடக்கயிறு, கீழே எலிவால். உச்சியும் படிந்துபோய் வகிடு அகலமாகத் தெரிகிறது.

ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். சோடிக்க வரப்போகும் பெண் என் தலையைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குச் சவுரி வைத்துவிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். புதனும் ஞாயிறும் ஷாம்பூ போட்டு முழுகுவேன். ஸ்கூட்டியில் 11 கிலோமீற்றர் ஹெல்மெட்டோடு போகவேண்டும் என்பதால் முடி கலையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் உச்சியில் தேங்காய் எண்ணெய் வைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவேன். காலையில் நேரம் இல்லாததால் ஈரத்திலேயே சீவிவிடுவேன்.

வெட்டு என்று பலர் சொல்வீர்கள். 2009இல் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினாலு வயது. தண்ணீருக்கு வரிசை, தலை நிறையப் பேன். அம்மா யாரிடமோ கத்தரிக்கோல் இரவல் வாங்கிவந்து காதோடு வெட்டிவிட்டார். வெட்டி முடியும்வரை அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு விரல் அளவுக்கு மேல் நான் வெட்டியதில்லை. அதனால் வெட்டாமல் ஒரு வழி இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

விசுவமடு அம்மம்மா எழுதியது:

பிள்ளை, எனக்கு அறுபத்திமூன்று வயது. முடி இன்னும் இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. அந்த நாளில் பெரிய கொண்டை போட்டவள், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் கேத்தலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கிறதா? குழாய்க்கிணறா, கட்டுக்கிணறா? எங்கள் பக்கத்தில் குழாய்க்கிணறு அடித்த வீடுகளில் சவர்க்காரம் நுரைக்காது, வாளியின் விளிம்பில் வெள்ளைக்கோடு விழும். கேத்தலில் பிடிக்கும் அந்தச் சுண்ணாம்புதான் முடியிலும் பிடிக்கிறது. முடி சொரசொரத்து ஒன்றோடொன்று சிக்கும், சீவும்போது அறும். உங்கள் முடியை யோசித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வளரும், வருடத்துக்குப் பதினைந்து என்று வையுங்கள். 120 என்றால் நுனிக்கு எட்டு வயது! கிழமைக்கு இரண்டு முழுக்கு என்றால் எண்ணூறு தடவை அந்தத் தண்ணீரில் நனைந்த முடி அது. தோளளவு முடிக்காரிக்கு இந்தக் கவலை வராது, அவளுடைய நுனி மூன்று வருடம்கூடப் பிழைக்கத் தேவையில்லை.

தண்ணீருக்கு வழி இருக்கிறது. ஒரு பெரிய பானைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வார்த்து எடுத்து, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லீற்றர் தெளிந்த தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து, துணியில் வடித்து, நீளத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். புளிப்பு அந்தப் படையைக் கரைக்கும். மாதத்தில் இரண்டு தடவை காணும். தேசிப்புளி தோலில் இருக்கும்போது வெயிலுக்குப் போகவே வேண்டாம், தோல் வெந்து கறுத்துவிடும். ஒரு முறை நெற்றியில் எனக்கே வந்து, மாறுவதற்கு மாதக்கணக்கு எடுத்தது.

தலைக்குச் சவர்க்காரம் போடுகிறவர்களும் இதைப் படிக்கட்டும். கடினத் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்தால் ஒரு பிசின் மாதிரி முடியில் ஒட்டும், எவ்வளவு ஊற்றினாலும் போகாது. சீயாக்காய் அப்படி ஒட்டாது. ஆனால் பொடியைக் குழைத்துத் தேய்க்காதீர்கள், இவ்வளவு நீளத்தில் பொடி சிக்கினால் எடுக்கவே ஒரு பகல் போகும். அவித்து வடித்த தண்ணீர்தான் சரி. மாரி வந்தால் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடிக்கவேண்டும்.

கிளிநொச்சித் தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெயர்தான் தையல்காரி, இப்போது மணப்பெண் சோடிக்கிற வேலையும் செய்கிறேன். அக்கா, சவுரி என்று சொன்னவர்மேல் கோபப்படாதீர்கள், எங்களுக்கு அது சுலபமான வழி. உங்களுக்கு அது தேவையில்லை.

நுனி மெலிந்ததெல்லாம் அறுந்ததால் மட்டும் இல்லை. மூன்று மாத நெல்லும் இருக்கிறது, நாலு மாத நெல்லும் இருக்கிறதல்லவா? தலையிலும் அப்படித்தான். சில முடி இரண்டு மூன்று வருடம் வளர்ந்து விழுந்துவிடும், சில ஆறு ஏழு வருடம், அதற்கு மேலும் நிற்கும். முழங்கால்வரை வருவது அந்த நீண்டகால முடி மட்டும்தான். ஆகவே எவ்வளவு கவனித்தாலும் நுனி பிடரி அளவுக்குத் தடிக்காது. நுனியை வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பதும் சரியில்லை. கத்தரிக்கோல் பட்டதை வேர் அறியாது. ஆனால் மெலிந்த பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றரை எடுத்தால் பின்னல் கடைசிவரை தடிப்பாகத் தெரியும். வெட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் என்றால் வெட்டுவேன், 108இலும் அது முழங்காலுக்கு அரைச் சாண் மேலேதான் நிற்கும்.

உச்சி படிவதற்கு எண்ணெய்தான் முதல் காரணம். இவ்வளவு நீளமான முடி தன் பாரத்திலேயே உச்சியை இழுத்துப் படுக்கவைக்கும், அதன்மேல் தினமும் எண்ணெய் என்றால் எப்படி எழும்பும்? எண்ணெய் வேண்டியது நுனிக்கு. உச்சியில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அவ்வளவு தூரம் இறங்காது. முழுகுவதற்கு முதல்நாள் இரவு ஒன்றரைத் தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயைக் காதுக்குக் கீழே இருந்து நுனிவரை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கும், அதனால் முழுகும்போது முடி தண்ணீரை உறிஞ்சி ஊதுவது குறையும். வாசனை எண்ணெய் என்று விற்பவற்றில் பல மினரல் எண்ணெய் கலந்தவை, அவை மேலேதான் நிற்கும்.

ஷாம்பூ உச்சிக்கு மட்டும் போதும், கழுவி ஓடும் நுரையே நீளத்துக்குக் காணும். துவாயால் முறுக்காதீர்கள், பழைய பருத்திச் சாரத்தால் ஒற்றி எடுங்கள். ஈரமுடி இழுத்தால் ரப்பர் போல நீளும், அப்புறம் அறும். முக்கால்வாசி காய்ந்த பிறகு, நுனியில் தொடங்கி மேலே ஏறி, அகலப்பல் சீப்பால் சீவவேண்டும். காயும்போது வழக்கமான வகிட்டுக்கு எதிர்ப்பக்கம் புரட்டிப் போட்டு, குனிந்து விரலால் உதறுங்கள். காய்ந்த பிறகு வகிட்டைப் பழைய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி எடுத்தால் உச்சி தானாக எழும்பி நிற்கும். பின்னி முடித்ததும் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் மெல்ல இழுத்துவிடுங்கள், பின்னல் அகலமாகிவிடும்.

ரப்பர் வளையத்தை இன்றைக்கே எறியுங்கள், துணி வளையம் போதும். ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி காலப்போக்கில் திரும்பி வராமலே போகும்.

வவுனியா நேர்ஸ் எழுதியது:

அக்கா, மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வகிடு அகலமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அறுந்த முடி இல்லை, வேரோடு விழுந்த முடி. எப்போது தொடங்கியது? அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னே பெரிய காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, சாப்பாடு குறைந்தது என்று ஏதாவது இருந்ததா? உடம்பு வருந்தினால் வளர்ந்துகொண்டிருக்கும் முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால்தான் காரணம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, முந்தினநாள் மாற்றிய ஷாம்பூவைப் பழி சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி விழுவது இயல்பு. ஆனால் உங்கள் நீளத்தில் ஐம்பது முடியே ஒரு கைப்பிடி மாதிரித் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களில் இது அதிகம். இரும்புக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வைத்தியர் சொல்லட்டும். இன்னொன்று, சோறு சாப்பிட்டு முடித்த கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலை உடம்பில் சேரவிடாது. கீரைக்கு மேலே தேசிக்காய் பிழிந்தால் கூடுதலாகச் சேரும்.

மாங்குளத்தாள் எழுதியது:

தை மாதம் டெங்கு வந்து ஆறு நாள் வாட்டில் இருந்தேன். பங்குனி கடைசியில் இருந்துதான் கொத்துக்கொத்தாக விழுந்தது. தங்கச்சி நேர்ஸ், நீங்கள் கேட்கும்வரை இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை. அம்மம்மா, கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன், முட்டைக்கோது மாதிரிப் படை. கல்யாணம் முடித்து இங்கே வந்த பிறகுதான் குழாய்க்கிணறு. அம்மாவின் வீடு வவுனிக்குளத்துக்குப் பக்கத்தில், அங்கே கட்டுக்கிணறு, கேத்தலில் ஒன்றும் பிடிக்காது. சின்ன வயதில் அங்கே முழுகினால் முடி பறக்கும். அது வயதின் வேலை என்று நினைத்திருந்தேன்.

விசுவமடு அம்மம்மா எழுதியது:

அப்போ சரி, ஞாயிறு முழுக்கை அம்மாவிடம் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளை. வரும்போது இரண்டு கான் தண்ணீரும் கொண்டுவாருங்கள், புதனுக்குக் கடைசி அலசலுக்குக் காணும். ஸ்கூட்டியில் போகும்போது பின்னலை உடுப்புக்குள் விட்டு ஹெல்மெட்டைப் போடுங்கள், சில்லில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. நீர் இறைக்கும் பம்மின் பட்டிக்குக் கிட்டவும் விரித்த முடியோடு போகக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்ததைப் பார்த்தவள் நான்.

மாங்குளத்தாள் எழுதியது (பத்து வாரத்துக்குப் பிறகு):

இடையில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஃபெரிட்டின் 11 என்று குறைவாக வந்தது. வைத்தியர் குளிசை தந்திருக்கிறார், இன்னும் இரண்டு மாதம் போடவேண்டும். ஆனி நடுவில் கொட்டுவது குறைந்தது. இப்போது வகிட்டின் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் குட்டிமுடி எழும்பி நிற்கிறது. முன்பள்ளிப் பிள்ளைகள் "ரீச்சருக்குத் தலையில் புல்" என்கிறார்கள். உச்சிக்கு எண்ணெய் வைப்பதை விட்டு, ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டுகிறேன். அந்த ஒரு மாற்றத்திலேயே முதல் கிழமை உச்சி எழும்பிவிட்டது. வகிட்டை மாற்றுவதற்குத்தான் முடி கொஞ்சம் அடம்பிடித்தது. தேசித் தண்ணீர் நாலு தடவை ஊற்றினேன், மூன்றாவது தடவைக்குப் பிறகு சீப்பு நுனிவரை தடையில்லாமல் இறங்குகிறது.

பிடரியில் இன்னும் 9தான். அது கூடுவதற்கு நாளெடுக்கும் என்று தெரியும்.

போன ஞாயிறு அம்மாவின் கிணற்றடியில் முழுகிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, நானே கேட்டேன். அம்மா முதலில் மாட்டேன் என்றார். பிறகு உள்ளே போய்த் தையல் பெட்டியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, நாடாவால் மூன்று தடவை அளந்து, சரியாகப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் வெட்டினார். இந்தமுறை முழுநேரமும் கதைத்துக்கொண்டே இருந்தார். கல்யாணச் சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டார், மாடு கன்று போட்டது, எல்லாம். நுனிக்கு ஒரு சாண் மேலே இப்போது 4 சென்ரிமீற்றர். சோடிக்கிற பெண்ணுக்குப் படம் அனுப்பினேன், சவுரி வேண்டாம், குஞ்சம் மட்டும் போதும் என்று பதில் வந்தது.

வெட்டிய முடியை எறியவேண்டாம் என்று அம்மா ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் சுற்றி வைத்திருக்கிறார்.