ஃப்ரீ ஃபயர் ஆடினால் பையன் முரடனாகி விடுவானா?

பல்லடம்_சுமதி:

என் பையன் எட்டாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்கிற துப்பாக்கி கேம்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "அடிடா, பின்னாடி வர்றான் பாரு, சுடு சுடு" என்று அவன் கத்துவதைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராததால் வைஃபையை அணைத்துவிட்டேன். போனைச் சுவரில் அடிக்காத குறைதான், குறுக்கே வந்த தங்கையைப் பிடித்துத் தள்ளிவிட்டான், அவளுக்கு நெற்றி வீங்கிப் போனது. அதிலிருந்து என் கொழுந்தனார் "இப்பவே நிறுத்துங்க அண்ணி, இல்லேன்னா நாளைக்குக் கத்தியை எடுப்பான்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். எங்கோ ஒரு பையன் கேம் ஆடி ஆடி யாரையோ அடித்துவிட்டான் என்று தினம் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இவனுடைய அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்ட், ராத்திரி பத்துக்கு மேல்தான் வருவார், கேட்டால் "நாங்க சின்ன வயசுல போலீஸ் திருடன் விளையாடலையா, விடு" என்கிறார். துப்பாக்கியால் சுடுகிற கேம் ஆடினால் பிள்ளைகள் நிஜத்திலும் அப்படி ஆகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசாங்கமே பப்ஜியைத் தடை செய்தது என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

ஜாய்ஸ்டிக்_மாமா:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் சகோதரி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலோடு சேர்த்து 118 ஆப்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தடை செய்தார்கள். சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, நம் ஆட்களின் தரவுகள் வெளியே போகின்றன என்பது. எல்லையில் சீனாவோடு மோதல் நடந்த வருடம் அது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனதும் அதே வழியில்தான், உங்கள் பையன் ஆடுகிற மேக்ஸ் மட்டும் தப்பியது. சுடுவதற்காகத் தடை என்றால் அதே சுடுதல் உள்ள மேக்ஸ் எப்படித் தப்பும், யோசித்துப் பாருங்கள். குஜராத்தில் 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களைக் கைதே செய்தது. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, உட்கார்ந்து ஆடியதுதான் குற்றம்! பிறகு 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதே கேம் திரும்பி வந்தபோது ரத்தத்தைப் பச்சை நிறமாக்கி விட்டிருந்தார்கள். பச்சை ரத்தம் பார்த்தால் பையன் சாதுவாகிவிடுவான் போல.

கொழுந்தனார் அனுப்பும் செய்திகளைப் பற்றியும் ஒன்று. 2004-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு பதின்வயதுப் பையன் தன் நண்பனைக் கொன்றான். மேன்ஹன்ட் என்ற கேம்தான் காரணம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, சில கடைகள் அதை விற்பதையே நிறுத்தின. போலீஸ் விசாரித்ததில் அது பணத்துக்காக நடந்த கொலை, அந்த கேம் இருந்ததோ இறந்துபோன பையனிடம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? 2012-ல் அமெரிக்காவில் சாண்டி ஹுக் பள்ளியில் சுட்டவன் விஷயத்திலும் இப்படித்தான், வீட்டில் சுடும் கேம்கள் இருந்தன என்பது உண்மை, ஆனால் அவன் தியேட்டருக்குப் போய் மணிக்கணக்காக ஆடியது டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், அம்புக்குறி வரும்போது காலால் மிதித்து ஆடுகிற நடன கேம். அதைத் தலைப்பில் போட்டால் யார் படிப்பார்கள்? 2019 ஆகஸ்டில் எல் பாசோவில் வால்மார்ட் கடைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, வன்முறை கேம் விளம்பரங்களைக் கழற்றச் சொல்லி அந்தக் கம்பெனி உத்தரவு போட்டது. துப்பாக்கி விற்பனை அந்த வாரமும் நடந்துகொண்டுதான் இருந்தது.

மனநூல்_மாணவி:

நான் உளவியல் முதுகலை படிக்கிறேன், இந்த விஷயத்தில் ஒரு செமினார் எடுத்ததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கேம் ஆடினால் ஆக்ரோஷம் கூடுகிறது" என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, கிரெய்க் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் இருபது வருடத்துக்கும் மேலாக அதைத்தான் சொல்லி வருகிறார். ஆனால் ஆக்ரோஷத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் யாரையும் அடிக்க விட முடியாது இல்லையா. அதனால், கேம் ஆடி முடித்தவரிடம், எதிராளியின் காதில் இரைச்சலை எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் கேட்க வைக்கலாம் என்று முடிவு செய்யச் சொல்வார்கள். இன்னொன்று இதைவிட வேடிக்கை: காரமே பிடிக்காத ஒருவருக்கு மிளகாய் சாஸ் எவ்வளவு ஊற்றிக் கொடுக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அதிகம் ஊற்றினால் நீங்கள் ஆக்ரோஷமானவர். இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என் பாட்டி பெரிய ரவுடி.

கனடாவில் பிராக் பல்கலைக்கழகத்தில் அடாச்சி, வில்லோபி என்ற இரண்டு பேர் 2011-ல் இதே மிளகாய் சாஸை வைத்தே ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். சண்டை கேம்களில் பெரும்பாலும் போட்டியும் இருக்கும், அப்படியானால் கோபம் எதனால் வருகிறது, சண்டையாலா போட்டியாலா? ஃப்யூயல் என்ற கார் ரேஸ், மோர்டல் காம்பாட் என்ற அடிதடி கேம், சோம்பிகளைச் சுட்டுத் தள்ளுகிற லெஃப்ட் ஃபோர் டெட் 2, ஒரு கோலியை உருட்டுகிற கேம், இப்படிக் கலந்து ஆட வைத்தார்கள். ரத்தமே இல்லாத கார் ரேஸ் ஆடியவர்கள், திரை முழுக்க ரத்தம் தெறிக்கிற சோம்பி கேம் ஆடியவர்களைவிட அதிக சாஸ் ஊற்றினார்கள். போட்டி கடுமையாக இருந்ததுதான் வித்தியாசம். 2014-ல் வேறொரு குழு டெட்ரிஸையே எடுத்துக்கொண்டது, தேவைப்படாத கட்டையாகவே விழும்படி மாற்றி ஆட வைத்தார்கள். வெறும் கட்டை அடுக்குகிற கேம், ஆனால் ஆடியவர்களுக்குக் கடுப்பு ஏறியது. தோற்பது, கை ஓடாமல் போவது, நடுவில் பிடுங்கப்படுவது, இதெல்லாம்தான் அந்த நேரத்துக் கோபத்தைக் கிளப்புகிறது. உங்கள் பையன் தள்ளியது எப்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வைஃபையை அணைத்த பிறகு.

2019-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஷிபில்ஸ்கியும் அவருடன் வைன்ஸ்டைனும் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை எடுத்துப் பார்த்தார்கள். கேம் எவ்வளவு வன்முறையானது என்பதை ஆடுகிற பிள்ளையிடம் கேட்கவில்லை, அதிகாரபூர்வமான வயது மதிப்பீட்டிலிருந்து எடுத்தார்கள், நடத்தையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. அதனால் கத்தி எடுப்பான் என்ற பயத்தை விடுங்கள் அக்கா.

டீச்சர்_கனகா:

கொலை செய்யமாட்டான், சரி. அந்த அம்மா கேட்டது அது மட்டும்தானா? இருபது வருடமாக வகுப்பில் நிற்கிறேன், நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் முதல் பீரியடில் தூங்கி விழுகிறார்கள், கேட்டால் ராத்திரி ஒரு மணி வரை ரேங்க் ஏற்றினானாம். வாய்ஸ் சாட்டில் எதிர்ப்பக்கம் பேசுகிறவன் யார், அவனுக்கு என்ன வயது என்று எந்த வீட்டிலும் தெரியாது. அவன் பேசுகிற கெட்ட வார்த்தை, அம்மாவையும் அக்காவையும் இழுக்கிற வார்த்தை, அடுத்த நாள் என் வகுப்பில் பேனா கேட்கிற பேச்சில் வருகிறது. இதுக்கு மிளகாய் சாஸ் தேவையில்லை, காது இருந்தால் போதும்.

மாணவியிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் துறையின் பெரிய சங்கம், அமெரிக்க உளவியல் சங்கம், 2020-ல் வெளியிட்ட தீர்மானத்தில் நிஜ வன்முறைக்கு ஆதாரம் போதாது என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. இந்த வீட்டில் நடந்தது என்ன? கத்தினான், தள்ளினான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மனநூல்_மாணவி:

நியாயமான கேள்வி டீச்சர். தீர்மானத்தில் அது இருக்கிறது. 2018-ல் 24 நீண்டகால ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரையும் தொடர்பு இருக்கிறது என்றுதான் சொன்னது, ஆனால் அளவைப் பாருங்கள், மற்ற காரணங்களை எல்லாம் கழித்த பிறகு 0.08. அதாவது பிள்ளைக்குப் பிள்ளை முரட்டுத்தனத்தில் இருக்கிற வேறுபாட்டில் கேமின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இது இருக்கிறது என்று ஒரு கூட்டமும், இவ்வளவு சிறியது இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று இன்னொரு கூட்டமும் இன்னும் சண்டை போடுகிறார்கள். 2011-ல், சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியாவின் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தபோது நீதிபதி ஸ்காலியாவும் இதைத்தான் பிடித்தார்: பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகளிடமும் இதே அளவுதானே தெரிகிறது என்றார்.

நீங்கள் சொன்ன தூக்கமும் கெட்ட வார்த்தையும் எனக்கும் உண்மையாகத்தான் படுகிறது. ஆனால் அவை துப்பாக்கியால் வருவதில்லை டீச்சர், அதே பையன் ராத்திரி ஒரு மணி வரை முகம் தெரியாத ஆட்களோடு ஆன்லைன் ஃபுட்பால் ஆடினாலும் வரும். கொழுந்தனார் துப்பாக்கியைப் பார்க்கிறார், பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

டீச்சர்_கனகா:

கடிகாரம் சரி. ஆனாலும் பதின்மூன்று வயதில் ஒருவனைச் சுட்டு வீழ்த்திவிட்டு கேம் பொம்மையை நடனம் ஆட வைக்கிற அந்த எமோட் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த ஆய்வும் என்னைப் பிடிக்க வைக்காது.

மதுரை_ஸ்னைப்பர்:

டீச்சர் திட்டுகிற ஆள் நான்தான், வயது 21, ஆறாவதில் இருந்து ஆடுகிறேன், இதுவரை யாரையும் அடித்ததில்லை (தம்பியைத் தவிர, அதுவும் ரிமோட்டுக்காக).

அக்கா, வைஃபையை நடுவில் அணைக்காதீர்கள், அது கேரமில் ரெட்டைப் போட்டு ஃபாலோ அடிக்கிற நேரத்தில் போர்டைக் கவிழ்ப்பது மாதிரி. ஸ்குவாட் என்றால் நான்கு பேர் ஒரு டீம். இவன் போய்விட்டால் மற்ற மூன்று பேரும் மாட்டுவார்கள், ரேங்க் புள்ளி இறங்கும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர்கள் இவனைத் திட்டுவார்கள். தங்கச்சியைத் தள்ளியது தப்புதான், அதற்குத் தனியாகத் தண்டனை கொடுங்கள், போனை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது "இப்பவே வா" என்றால் எவனும் வரமாட்டான். ஒரு மேட்ச் பத்து, பதினைந்து நிமிடம்தான் ஓடும். "இந்த மேட்ச் முடிந்ததும் சாப்பாடு, அடுத்தது போடக் கூடாது" என்று முன்னாலேயே சொல்லிப் பாருங்கள். அடுத்தது போட்டான் என்றால் அப்புறம் அணையுங்கள், அவனால் வாய் திறக்க முடியாது.

அப்புறம் டயமண்ட் (கேமுக்குள் செலவழிக்கிற காசு) வாங்க உங்கள் போனில் யுபிஐ பின் கொடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

பல்லடம்_சுமதி:

எல்லோருக்கும் நன்றி. பின் அவனுக்குத் தெரியும், மாற்றிவிட்டேன். மேட்ச் கணக்கு எனக்குப் புதிது, எனக்கு அது முடிவே இல்லாமல் ஓடுவது போலத்தான் இருந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் போன் என் தலைமாட்டில் என்று அவன் அப்பாவையே சொல்ல வைக்கிறேன், நான் சொன்னால் எடுபடாது. கொழுந்தனாருக்கு அந்த லெஸ்டர் கதையை அனுப்பினேன், "அது வெள்ளைக்காரன் ஊர்" என்று பதில் வந்தது, அவரை விடுங்கள். டீச்சர் சொன்ன வாய்ஸ் சாட்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. யாரோ ஒருவன் பேசுவதை நிறுத்த முடியுமா, கேமையே அழிக்காமல்?

மதுரை_ஸ்னைப்பர்:

முடியும் அக்கா. மேட்சுக்குள் திரையில் மைக் படமும் ஸ்பீக்கர் படமும் இருக்கும். ஸ்பீக்கரைத் தட்டி அணைத்தால் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது, அல்லது தன் டீமுக்கு மட்டும் என்று வைக்கலாம். ரேண்டம் ஆட்களோடு போகாமல் வகுப்பு நண்பர்கள் நான்கு பேராகவே ஸ்குவாட் போடச் சொல்லுங்கள், அப்போது யார் பேசுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஹெட்போன் வேண்டாம், ஹாலில் ஸ்பீக்கரில் ஆடு என்று சொன்னாலே பாதி கெட்ட வார்த்தை நின்றுவிடும், அம்மா கேட்கிறார்கள் என்று அந்தப் பசங்களுக்கும் தெரிந்துவிடும். ஆனால் கேமில் அணைத்தாலும் டிஸ்கார்ட் என்ற பேச்சு ஆப்பிலோ வாட்ஸ்அப் குரூப் காலிலோ தனியாகப் பேசிக்கொண்டே ஆடுவார்கள், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.