மறுமொழி: கடகரேகை, மகரரேகை – வேற சொல் வேணுமா?

> கடகரேகை நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, அதை ஏன் நோண்டணும்?

ஐயா, வணக்கம். பிள்ளைங்களோட உலகப் பட சார்ட்ல கடகரேகை, மகரரேகைக்குப் பதிலா 'திரும்புகோடு'ன்னு போடலாம்னு நான் சொன்னதுக்குத்தானே இப்படிக் கேக்கறீங்க. நோண்டுனது நான் இல்ல, டியூசனுக்கு வர்ற ஒரு பொண்ணு. இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கோவில் மண்டபத்துலதான் வகுப்பு, தோட்டத்துப் பிள்ளைங்க பத்துப் பதினைஞ்சு பேரு, உலகப் படத்தை விரிச்சு கோட்டுக்கு ஒரு கலர் நூல் ஒட்டச் சொன்னேன். பூமத்தியரேகைக்கு சிவப்பு. எக்வடார், கொலம்பியா, பிரேசில், அப்புறம் காபோன்லேருந்து சோமாலியா வரைக்கும் ஆப்பிரிக்கா, அதுக்கப்புறம் சுமத்ரா, கலிமந்தான், சுலாவெசி. மலேசியாவைத் தொடவே இல்ல, ஆசியப் பெருநிலத்தோட தென்கோடி நம்ம ஜொகூர் தஞ்சோங் பியாய், அதுவே ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல வடக்குலயே நின்னுடுது, பிள்ளைங்களுக்கு ஒரே ஏமாத்தம்.

கடகரேகைக்கு ஒட்டுன பச்சை நூல்லதான் வந்துச்சு வம்பு. மெக்சிகோ, சஹாரா, சவுதி, ஓமான், குஜராத்துலேருந்து மிசோரம் வரைக்கும் இந்தியா, பங்களாதேஷ், மியன்மார், சீனா, தைவான்னு ஒட்டிக்கிட்டே வந்தவ, "சார், இதுக்கு ஏன் நண்டு பேரு?"ன்னா. (இடைநிலைப்பள்ளில மலாய்ல இதைக் காரிசான் சர்தான்னு படிக்கிறாங்களே, அதுவும் அரபில நண்டுதான், தப்பிக்க வழியில்ல.) ஜூன் 21 வாக்குல சூரியன் அங்க உச்சிக்கு வர்றப்ப கடகத்துல இருக்கும்மான்னு சொன்னேன். அவ நேரா போய் கோவில் காலண்டரைப் பாத்துட்டு வந்து, "சார், அன்னிக்கு ஆனிதானே, ஆனின்னா மிதுனம், கடகம் ஆடிலதானே?"ன்னா. எனக்கு வாயடைச்சுப் போச்சு.

அவ சொன்னது சரிதான். பேரு வச்சு ரெண்டாயிரம் வருசம் ஆச்சு, பூமியோட அச்சு பம்பரம் மாதிரி தலையாட்டிக்கிட்டே சுத்தறதுல ராசி நழுவிடுச்சு. மகரமும் அப்படித்தான், சூரியன் தெக்க கடைசி வரைக்கும் போறது டிசம்பர் 21, 22ல, அப்ப மார்கழி, மகரம் பொறக்கறது பொங்கலுக்கு. பஞ்சாங்கம் பாக்கற நமக்குத்தான் இந்தப் பேரு ரொம்ப உதைக்குது.

அதான் 'திரும்புகோடு'ன்னு சொன்னேன். இந்தக் கோடுகளுக்கு இங்கிலீஷ்ல சொல்ற ட்ராபிக் (tropic)ங்கறதுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கே திரும்பறதுன்னுதான் அர்த்தம். வடதிரும்புகோடு, தென்திரும்புகோடு. ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, தயவுசெஞ்சு நடுவுல 'க்' போட்டுடாதீங்க. கதிர்த்திருப்பம்னு சூரியன் திரும்பற அந்த நாளுக்கு ஏற்கனவே சொல் இருக்கு, நாளும் கோடும் ஜோடி சேந்துடும்.

ஏப்ரல் மொத வாரம் மண்டபத்து வாசல்ல ஒரு குச்சி நட்டோம். மத்தியானம் ஒன்னேகாலுக்கு மேல நிழல் குச்சியோட காலடிலயே ஒடுங்கிப் போச்சு. இங்கேருந்து வடக்க போற சூரியன் அந்தப் பச்சை நூல்ல முட்டித் திரும்பி செப்டம்பர் பத்து வாக்குல மறுபடி நம்ம தலைக்கு மேல வரும்னதும் பொடிசுங்களே "அப்ப அது திரும்புற கோடு"ன்னு சொல்லிடுச்சுங்க, நான் பெருசா ஒன்னும் கண்டுபிடிக்கல.

பழைய நூல் படிக்கறவங்க குழம்புவாங்கன்னு ஈப்போ அக்கா எழுதினது நியாயம், பழைய பேரை அடைப்புக்குறில போட்டுடலாம். அட்சரேகையா அகலக்கோடாங்கற சண்டைக்கு நான் வரல. துருவ வட்டம் ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

தெக்கு நூலும் ஒட்டியாச்சு, சிலி, அர்ஜெண்டினா, பராகுவே, பிரேசில், நமீபியா, போட்ஸ்வானா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா. மூணு கோடும் வெட்டற கண்டம் ஆப்பிரிக்கா ஒன்னுதான், அதுக்குன்னு சார்ட்ல தனிக் கட்டம் விட்டிருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பிரிண்டிங் கடைக்குக் கொடுக்கணும்.