டோனர் ட்ரான்ஸ்ஃபர்: நடுவில் மட்டும் ஒட்ட மாட்டேங்குது

மின்மினி:
எல்எம்317 (வோல்டேஜை நிலையா வைக்கிற ஐசி) வைத்த சின்ன பவர் சப்ளைக்கு வீட்டிலேயே பிசிபி, அதாவது செம்புக் கோடு போட்ட சர்க்யூட் போர்டு, போடுறேன். சர்க்யூட் படத்தைக் கிளாஸி பேப்பர்ல லேசர் பிரின்ட் எடுத்து, செம்பு போர்டு மேல கவிழ்த்து, ஸ்டீம் அயர்ன், ஹீட் ஃபுல். ஊறவைத்து உரிச்சா ஓரமெல்லாம் கச்சிதம். நடுவில் வட்ட வட்டமா டோனர் பேப்பரோடவே வந்துடுது. கிரவுண்டுக்கு விட்ட பெரிய செம்பு ஏரியாவில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை வேற. பேப்பரை மாத்தணுமா?

செம்புத்தகடு:
பேப்பர் நல்ல பேப்பர்தான் தம்பி, ஓரத்தில் பிடிச்சிருக்கே. அயர்ன் பாக்ஸைத் திருப்பி அடியைப் பாருங்க. ஆவி வர்ற ஓட்டை இருக்கிற இடத்தில் சூடும் படாது, அழுத்தமும் விழாது. பழைய கனமான ட்ரை அயர்ன் கிடைச்சா விடாதீங்க.

டோனர்ங்கிறது பிளாஸ்டிக் தூள். உருகினால்தான் பிடிக்கும். செம்போ சூட்டை இழுத்து போர்டு முழுக்கப் பரப்பிடும். அதனால வெறும் போர்டை முதல்ல சூடாக்குங்க, அப்புறம் பேப்பரை வைங்க. வைச்ச கையோட ஒட்டிக்கும், நகர்த்தக் கூடாது. மேலே எடை கொடுத்து அழுத்துங்க. கடைசியா அயர்ன் முனையால கோடு கோடா நீவுங்க. தானா ஆறட்டும், அப்புறம்தான் தண்ணி.

எல்லாத்துக்கும் முன்னாடி செம்பு சுத்தமா இருக்கணும். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரால தேய்ச்சு தண்ணி விடுங்க. முத்து முத்தாத் திரண்டா எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கு. படலமாப் பரவினா சரி. அதுக்கப்புறம் விரலே படக்கூடாது, ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க.

கிட்டார்பெடல்:
கிரவுண்ட் ஓட்டைக்கு: கிகேட்ல (பிசிபி வரையுற சாஃப்ட்வேர்) அந்த ஏரியாவோட ஜோனை ஹேட்ச் ஃபில்லா மாத்துங்க, வலை மாதிரி வரும். பெரிய கறுப்புத் திட்டுதான் பிரின்ட்டருக்குக் கஷ்டம். டோனர் சேவ் மோடை அணைச்சிடுங்க. மிச்ச ஓட்டையை பெர்மனன்ட் மார்க்கரால அடைச்சிட்டு எட்ச் (மூடாத செம்பை அரிச்செடுக்கிறது) பண்ணலாம்.

மின்மினி:
ட்ரை அயர்ன்ல நடுவிலும் பிடிச்சிருச்சு அண்ணா! எட்ச் பண்ண ஃபெரிக் குளோரைடு பவுடரா வாங்கியிருக்கேன். எப்படிக் கலக்கணும்?

செம்புத்தகடு:
ரொம்ப சந்தோஷம். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணியை முதல்ல ஊத்தி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. நல்லா சூடாகும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூணும் வேணும். டப்பாவை மெதுவா ஆட்டிக்கிட்டே இருங்க, வேண்டாத செம்பு போனதும் எடுத்துடுங்க. விட்டா டோனருக்கு அடியிலயும் அரிச்சு மெல்லிசுக் கோடெல்லாம் போயிடும்.

கரைசலை மறுபடி பயன்படுத்தலாம், மூடி போட்டு, பேர் எழுதி, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. சிங்க்ல மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க. ஸ்டீலை அரிக்கும், அதில் கரைஞ்ச செம்பு ஓடுற தண்ணியில் கலந்தா மீனுக்கெல்லாம் விஷம்.