எஃப்1 விதி மாற்றம்: யாராவது விளக்குங்களேன்

நண்பர்களே, ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்தின் தொழில்நுட்ப உத்தரவுகள் பற்றி ஒரு குழப்பம். 2020-ல் மெர்சிடிஸ் அணி கொண்டுவந்த டாஸ் ஸ்டீயரிங் (ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் தள்ளி முன்சக்கரங்களின் கோணத்தை மாற்றும் அமைப்பு) அந்த சீசன் முழுக்க ஓடியது, 2021 விதியில்தான் தடை. ஆனால் 2022-ல் கார்கள் நேர்ப்பாதையில் குதிக்க ஆரம்பித்ததும், அதைக் கட்டுப்படுத்த சீசன் நடுவிலேயே தொழில்நுட்ப உத்தரவு 39 வந்து, பெல்ஜியம் பந்தயத்திலிருந்து அமலானது. 2023-க்குக் காரின் தரைத்தட்டு ஓரத்தை 15 மி.மீ. உயர்த்தச் சொன்னார்கள்.

பாதுகாப்பு என்று சொன்னால் எஃப்ஐஏ (விதிகளை வகுக்கும் சர்வதேச மோட்டார் அமைப்பு) அணிகளின் சம்மதம் இல்லாமலே விதியை மாற்றலாம், மற்றதற்கு அணிகளும் இடம்பெறும் எஃப்1 கமிஷனின் ஓட்டும் எஃப்ஐஏவின் உலக மோட்டார் விளையாட்டுக் கவுன்சில் ஒப்புதலும் வேண்டும். இதுவரை புரிகிறது. (பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து அணிகள் ஆடும் அரசியல் தனிக்கதை!)

புரியாதது இதுதான்: தொழில்நுட்ப உத்தரவு விதி அல்ல, இருக்கும் விதிக்கு விளக்கம் மட்டுமே என்கிறார்கள். அப்படியானால் ஒரு அணி அதை மீறினால் ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) எதை வைத்துத் தண்டிப்பார்கள்? அணி எதிர்த்து வாதாட முடியுமா?

2026-ல் எம்ஜியு-எச் (புகைபோக்கி வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி) போய், எம்ஜியு-கே (பிரேக் ஆற்றலை மின்சாரமாக்கி, காரை உந்தும் மோட்டார்) 120-லிருந்து 350 கிலோவாட்டாகிறது, டிஆர்எஸ்ஸும் (முந்துவதற்காகப் பின்இறக்கையைத் திறக்கும் வசதி) இல்லை. இவ்வளவு புதுசு என்றால் உத்தரவுகள் மழையாய்க் கொட்டும். அதற்குள் தெளிவாக வேண்டும். விதிப் புத்தகத்தைப் படித்தவர்கள் எந்தப் பிரிவு என்று சொன்னாலே போதும், நானே தேடிப் படித்துக்கொள்கிறேன்.